ஊதும் பிள்ளைகளைக் கவனியுங்கள்!

உங்கள் பிள்ளை பள்ளிக்கூட பேண்டில் இருக்கிறானா? அல்லது, "என்னையும் சேர்த்துக்கிட்டாங்கம்மா!" என்று குதித்துக்கொண்டு வந்து நிற்கிறாளா? சந்தோஷம். முதலில் பிள்ளையின் முதுகில் தட்டி ஒரு சபாஷ் போடுங்கள். பிறகு பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படியுங்கள்.

'சித்த வைத்தியருக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். போன வருஷம் வரை எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் வைத்தியசாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம். சாயங்காலம் நாலரை மணி ஆனால் டமடமவென்று சத்தம் கேட்கும். அவ்வளவுதான் தெரியும்.

ஒரு வாரத்தில் அந்தப் பள்ளியிலிருந்து நாலு பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒருத்திக்கு உதட்டின் உள்பக்கம் புண். ஒரு பையனுக்குத் தோள்பட்டை வலி, கையைத் தூக்க முடியவில்லை. இன்னொருவனுக்குக் காதுக்குள் 'ஙொய்' என்று இரைச்சல். நாலாவது பெண் மைதானத்தில் நின்றபடியே மயங்கி விழுந்தவள். விசாரித்தால் நாலு பேரும் பேண்டு கோஷ்டி! ஆறு வாரத்தில் போட்டியாம். தினமும் இரண்டரை மணி நேரம் பயிற்சி.

அதே வாரம் ஓர் அம்மா தனியாக வந்தார். "பையனுக்கு ராத்திரியானா இருமல் சார். ஸ்கூல்ல வேலை இருக்குன்னு வர மாட்டேங்கான். ஏதாவது மருந்து கொடுங்க" என்றார். தாளிசாதி சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். அதில் நான் செய்த பெரிய தவறைப் பின்னால் சொல்கிறேன். மறக்காமல் படியுங்கள்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கே போய்ப் பார்த்தேன். மொத்தமே 14 பிள்ளைகள். சைடு டிரம் 4, பெரிய டிரம் 1, சிம்பல் 1, டிரம்பெட் 3, கிளாரினெட் 2, சாக்ஸபோன், யூஃபோனியம், தட்டும் மணி வாத்தியம் தலா ஒன்று. வெளியே மழை என்பதால் மூடிய ஹாலுக்குள் எல்லாரையும் அடைத்துப் பயிற்சி. பேண்டு மாஸ்டர் பட்டாளத்து பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும், "டாக்டர், இருக்கிறதே ஆறு வாரம். பிள்ளைங்களை ரெஸ்ட் எடுக்கச் சொல்லிராதீங்க" என்று கும்பிட்டார்.

"மாஸ்டர், ரெஸ்ட்டும் பயிற்சியில ஒரு பாகம்தானே?" என்றேன். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் நானும் அந்த கோஷ்டியில் ஒருவனாகிவிட்டேன்.

மேனாட்டு பேண்டு நமக்குப் புதிதல்ல. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798-1832) காலத்திலேயே அரண்மனையில் அது ஒலித்திருக்கிறது. இன்று அரசுப் பள்ளிகளில் 2022-லிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. தேசிய அளவிலான பள்ளி பேண்டு போட்டியில் பிராஸ் பேண்டு, பைப் பேண்டு என்று தனித்தனிப் பிரிவே உண்டு. ஆக, இனி நிறையப் பிள்ளைகள் ஊதப் போகிறார்கள். அவர்கள் உடம்பைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

உதடு ஒரு தசை!

டிரம்பெட் ஊதும்போது சத்தம் எங்கே பிறக்கிறது? பித்தளைக் குழாயில் அல்ல. உதடுகள் இரண்டும் அதிர்வதில்தான் பிறக்கிறது. குழாய் அதைப் பெரிதாக்கித் தருகிறது. வாயைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. அது களைத்துப் போனால் மேல் ஸ்தாயி வராது. உடனே பிள்ளை என்ன செய்யும்? ஊதுவாயை உதட்டோடு வைத்து அழுத்தும். உள்ளே பல், வெளியே பித்தளை. நடுவில் மாட்டிக்கொண்ட உதடு என்னாகும்? புண்தான்!

இதற்கு முதல் மருந்து ஓய்வு. எவ்வளவு நேரம் ஊதினார்களோ, அவ்வளவு நேரம் உதட்டுக்கு ஓய்வு. பத்து நிமிஷம் ஊதல், பத்து நிமிஷம் விரலை மட்டும் ஓட்டி மனப்பாடம். மாஸ்டர் முதலில் முகம் சுளித்தார். ஒரே வாரத்தில், "கடைசி அரைமணி நேரமும் சுருதி விலகாம ஊதுறாங்க டாக்டர்!" என்று அவரே வந்து சொன்னார்.

உதடு வெடித்திருந்தால் ராத்திரி படுக்கும்போது பசு நெய் அல்லது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஊதுவதற்கு முன் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வழுக்கும். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டாக வாரம் இரண்டு மூன்று நாள் கொடுக்கலாம். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளை என்றால், எந்த வாத்தியம் என்று தீர்மானிக்கும் முன் பல் மருத்துவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூச்சு வயிற்றிலிருந்து வரட்டும்

உடம்பில் பத்து வாயுக்கள் உண்டு என்று சித்த மருத்துவம் சொல்கிறது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என்று பெயர் தப்பாமல் ஒப்பிக்கச் சொல்வார்கள். இதில் பிராணன் மூச்சுக்கு உரியது. உதானன் மேல்நோக்கி எழுவது, குரலுக்கு உரியது. இந்த இரண்டும் ஒழுங்காக நடந்தால்தான் பிள்ளை ஊத முடியும் என்பது எங்கள் கணக்கு.

நவீன மருத்துவம் இதையே உதரவிதானம் என்ற தசையை வைத்து விளக்குகிறது. பெரும்பாலான பிள்ளைகள் தோளைத் தூக்கி மேல் மூச்சு வாங்குவார்கள். அது பாதி மூச்சு. கழுத்தும் இறுகிப் போகும்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி கொடுங்கள். பிள்ளையைப் பாயில் மல்லாந்து படுக்க வையுங்கள். தொப்புள் மேல் ஒரு பாடப் புத்தகம். மூச்சை இழுக்கும்போது புத்தகம் எழும்ப வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். தோள் அசையக் கூடாது. மனசுக்குள் நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி 'ஸ்...' என்று விடச் சொல்லுங்கள். காலையில் ஐந்து நிமிஷம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். போட்டியன்று பயத்தில் நெஞ்சு படபடக்கும்போதும் இதே மூச்சுதான் கைகொடுக்கும்.

ஒருவர் வாய், ஒருவர் வாத்தியம்

நாதஸ்வரக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். வாத்தியத்தோடு உபரி சீவாளிகள் கோத்துத் தொங்கும். வாயில் வைக்கிற பொருளை எவ்வளவு அக்கறையாகப் பராமரிப்பார்கள்! நான் பார்த்த பேண்டில் என்னவென்றால், மூன்று டிரம்பெட்டில் ஓர் ஊதுவாய் தொலைந்து போய், இரண்டை மூன்று பேர் மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சட்டையில் ஒரு துடைப்பு. அவ்வளவுதான் சுத்தம்!

சளி, தொண்டைக் கட்டு, உதட்டோரக் கொப்புளம் எல்லாம் இந்த வழியில் பரவும். ஆளுக்கு ஓர் ஊதுவாய் கட்டாயம். கிளாரினெட், சாக்ஸபோனில் பொருத்தும் நாணல் தகட்டையும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. பயிற்சி முடிந்ததும் ஊதுவாயை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் சின்ன பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாக உலர வைக்க வேண்டும். நாணல் தகட்டைத் தண்ணீரில் அலசித் துடைத்துக் காற்றாட வைத்தால் போதும். குழாய்க்குள் தேங்கும் எச்சில் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

இது வெறும் சுத்தப் பிரச்னை இல்லை. இங்கிலாந்தில் தினமும் பேக்பைப் ஊதிய 61 வயதுக்காரர் ஒருவர் நுரையீரல் நோயால் இறந்தார். வாத்தியத்துக்குள் பூஞ்சைகள் வளர்ந்திருந்தன. அவற்றைச் சுவாசித்ததே நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று 2016-இல் 'தோராக்ஸ்' என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். மூன்று மாதம் அவர் வாத்தியத்தைத் தொடாமல் வெளிநாட்டில் இருந்தபோது மூச்சுத்திணறல் வெகுவாகக் குறைந்திருந்ததாம்! இது அபூர்வம்தான். பயப்பட வேண்டாம். ஆனால் கழுவி உலர்த்த ஐந்து நிமிஷம் செலவழிக்கலாம், இல்லையா?

இன்னொன்று. மிட்டாய், ஜூஸ் சாப்பிட்ட வாயோடு ஊதக் கூடாது. சர்க்கரை உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வாத்தியத்தை எடுக்க வேண்டும்.

காதில் 'ஙொய்' என்று கேட்டால்...

வேலை செய்யும் பெரியவர்களுக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபல் சத்தம் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை. சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணி. 100 என்றால் வெறும் 15 நிமிஷம்தான்! பக்கத்தில் நின்று கேட்கும் டிரம்மும் சிம்பலும் நூறைச் சுலபமாகத் தாண்டும். மூடிய ஹாலில் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும். பிள்ளைக் காது என்ன செய்யும்?

மழையில்லாத நாளில் பயிற்சியை மைதானத்துக்கு மாற்றச் சொன்னேன். ஹாலுக்குள்தான் என்றால் ஜன்னல் கதவெல்லாம் திறந்து, டிரம்காரர்களைத் தனியே தள்ளி நிறுத்த வேண்டும். தனிப் பயிற்சியின்போது டிரம்மின் மேல் கனமான மடித்த துணி. தாளம் அதேதான், சத்தம்தான் குறையும். டிரம், சிம்பல் வாசிக்கும் பிள்ளைகளுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். பஞ்சு வைத்தால் போதாது.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதில் இரைச்சல் கேட்டால் அது எச்சரிக்கை மணி. மறுநாளும் இருந்தால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். பாட்டி சொன்னார் என்று எண்ணெயைக் காய்ச்சிக் காதில் விட்டுவிடாதீர்கள். சித்த வைத்தியனே சொல்கிறேன், வேண்டாம்!

சுமையும் நிற்பும்

மத்திய அரசின் 2020-ஆம் வருஷத்துப் பள்ளிப் பை கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 35 கிலோ பையன் மூன்றரை கிலோதான் தூக்கலாம். அதே பையன் கழுத்தில் பெரிய டிரம்மை மாட்டினால்? பள்ளியில் ஒரு தராசைக் கொண்டுவந்து டிரம்மை நிறுத்துப் பாருங்கள் என்றேன். மாஸ்டரே அசந்துவிட்டார்.

ஒற்றைத் தோளில் தொங்கும் வாரை எடுத்துவிட்டு, இரண்டு தோளிலும் குறுக்காக மாட்டும் வார் தைக்கச் சொன்னோம். தோள்படும் இடத்தில் பழைய துண்டை மடித்து வைத்துத் தையல். செலவு சொற்பம்தான். அணிவகுப்புப் பழகும் நேரம் தவிர மற்ற நேரம் டிரம் ஸ்டூலில் இருக்கட்டும். வலித்த தோளுக்கு வெதுவெதுப்பான நொச்சித் தண்ணீர் ஒத்தடம் கொடுத்து, ஐந்து நாள் அந்தப் பையனைத் தாளம் எண்ண மட்டும் வைத்தேன். சரியாகிவிட்டது.

மயங்கி விழுந்த பெண்ணுக்கு என்ன? காலையில் ஒரு டம்ளர் காபி, மத்தியானம் பாதி டிபன் பாக்ஸ். பள்ளியில் தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே என்று குடிப்பதே இல்லை. அதோடு வெயிலில் முழங்காலை விறைப்பாக வைத்து அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். மூளைக்குப் போதாமல் கண் இருட்டும். நிற்கும்போது ஷூவுக்குள் கால் விரல்களை மடக்கி மடக்கி நீட்ட வேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்த வேண்டும். பட்டாளத்தில் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று மாஸ்டர் சிரித்தார். "அப்ப பிள்ளைங்களுக்கு ஏன் சொல்லலை?" என்றேன். தலையைச் சொறிந்தார்.

பயிற்சிக்குப் போகுமுன் வேர்க்கடலை உருண்டை, சுண்டல், வாழைப்பழம் ஏதாவது ஒன்று. உப்புச் சேர்த்த நீர்மோர் ஒரு பாட்டில். சாதம் போன்ற கனமான சாப்பாடு என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஊத வேண்டும்.

நான் செய்த தவறு

இப்போது அந்த இருமல் பையன் கதைக்கு வருகிறேன்.

மூன்றாவது வாரம். அணிவகுப்புப் பயிற்சி முடிந்ததும் முதல் டிரம்பெட் பையன் ஓரமாகப் போய்க் குந்தி உட்கார்ந்தான். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. பக்கத்தில் போனேன். விசில் மாதிரி சத்தம். "தம்பி, உனக்கு இழுப்பு உண்டாடே?" என்றேன். "இல்ல சார்" என்றான். பேச்சு பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட கேக்காதீங்க சார்" என்றான்.

கேட்காமல் இருக்க முடியுமா? அம்மா வந்தார். அன்று சூரணம் வாங்கிப் போன அதே அம்மா!

"மூணாங் கிளாஸ்ல இருந்தே இழுப்பு உண்டு சார். சொன்னா பேண்டுல இருந்து எடுத்துருவாங்கன்னு பயந்துதான் சொல்லலை. படிப்புல சுமார்தான். இது ஒண்ணுலதான் அவனை முன்னால நிக்க வைக்காங்க..." என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குச் சுரீரென்றது. "முன்னால இன்ஹேலர் வச்சிருந்தான். உங்க மருந்து ஆரம்பிச்சதும் நிறுத்திட்டேன். ரெண்டும் சேரக் கூடாதுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

பிள்ளையைப் பார்க்காமல், நாடி பிடிக்காமல், 'வேறு என்ன மருந்து சாப்பிடுகிறான்?' என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் சூரணம் கொடுத்தனுப்பியது யார்? நான்தான். முப்பது வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்க்கும் எனக்கு இது வெட்கம். அந்த அம்மாவிடமே மன்னிப்புக் கேட்டேன்.

அன்று ராத்திரியே நெஞ்சு நோய் மருத்துவரிடம் நானே கூட்டிப் போனேன். அவர் தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை மறுபடி ஆரம்பித்தார். அவசரத்துக்கு இன்னொன்று சட்டைப்பையில். "இன்ஹேலர் பழக்கமாயிருமே டாக்டர்" என்று அம்மா இழுத்தார். "கண்ணாடி போட்டா பழக்கமாயிருமேன்னு கண்ணு தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி வாங்காம இருப்பீங்களா?" என்று அவர் கேட்டார். இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது. நல்ல மருந்தளவும் சரியான முறையும் இருந்தால், ஆஸ்துமா உள்ள பிள்ளையும் காற்று வாத்தியம் ஊதலாம். மருத்துவர் பார்த்து அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்து நாள் ஊதக் கூடாது என்று உத்தரவு. மாஸ்டர் இடிந்து போனார். மெட்டு முழுக்க அந்தப் பையன் மேல்தான் நிற்கிறது. "மாஸ்டர், ஒரே தூண்ல கூரை போடலாமா?" என்று கேட்டேன். உதட்டுப் புண்ணோடு வந்தாளே, அந்தப் பெண்தான் இரண்டாவது டிரம்பெட். அவளுக்கும் முதல் பாகத்தைச் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்ததில் பாதி அந்தப் பையன்தான்! ஊதாமல், விரலைக் காட்டி, வாயால் பாடி. நாலு பாட்டு என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். இரண்டையும் மணியாகப் பழகினார்கள்.

இழுப்புள்ள பிள்ளை ஒரு முழு வாக்கியம் பேசத் திணறினால், விலா எலும்புக்கு நடுவே சதை உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், கஷாயம் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். கையிலிருக்கும் அவசர இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

போட்டி வாரத்தில்...

* புதிய பாட்டு, புதிய வாத்தியம், புதிய ஷூ எதுவும் வேண்டாம்.
* பயிற்சி நேரத்தைப் பாதியாக்குங்கள். முதல் நாள் அரைமணி போதும்.
* எண்ணெய்க் குளியல் நல்லதுதான். ஆனால் போட்டிக்கு மூன்று நாள் முன்னால் முடித்துவிடுங்கள். குளித்த அன்று உடம்பு அசதியாக இருக்கும்.
* தூக்கம் முக்கியம். 12 வயது வரை 9 முதல் 12 மணி, 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரம்.
* தொண்டை கரகரத்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அதிமதுரம் சிறு துண்டு ஓரிரு நாள் வாயில் அடக்கலாம். மாதக்கணக்கில் வேண்டாம். ரத்த அழுத்தம் கூடும்.
* காய்ச்சல் வந்த பிள்ளையை 'போட்டியாச்சே' என்று அனுப்பாதீர்கள். நாளைக்குப் பதினாலு பேரும் படுப்பார்கள்.
* போட்டியன்று காலை இட்லி, இடியாப்பம் போல எளிதாகச் செரிப்பது. வாத்தியத்தை வெயிலில் வைக்கக் கூடாது. சூடேறினால் சுருதி ஏறிவிடும். மெதுவாக ஊதிப் பார்த்த பிறகுதான் சுருதி சேர்க்க வேண்டும்.

முடிவு என்னாச்சு என்று கேட்பீர்கள். போட்டியன்று நானும் கூட்டத்தில் நின்றேன். இரண்டாவது பாட்டின் நடுவில், ஏற்கெனவே பேசி வைத்தபடி, பையன் டிரம்பெட்டை இறக்கினான். அதே மூச்சில் அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். ஸ்வரம் அறுபடவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு மாறியதே தெரியவில்லை. "இன்னும் ஊதிட்டுதான் இருக்கானா சார்?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார்.

மூன்றாம் பரிசு. மாஸ்டருக்கு முதல் பரிசு வராத வருத்தம் இரண்டு நாள் இருந்தது. பிறகு, "பதினாலு பேரும் நின்ன கால்ல நின்னாங்க டாக்டர். ஒருத்தரும் விழலை" என்று அவரே சமாதானமானார்.

இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பிள்ளையிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். "உன் ஊதுவாயை வேற யாரும் ஊதுறாங்களா? பயிற்சி முடிஞ்சதும் காதுல இரைச்சல் கேக்குதா? ஓடினாலோ ஊதினாலோ மூச்சு இழுக்குதா?" மூன்றில் ஒன்றுக்கு 'ஆமா' என்று பதில் வந்தாலும் திட்டாதீர்கள். "பேண்டுல இருந்து உன்னை எடுக்க மாட்டாங்க, நான் பேசுறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் மீதி உண்மையும் வெளியே வரும்.